ஆர்கன் வாசிக்கிறவனுக்கு எதுக்குல சங்கம்?

"பீடிக்குச் சங்கம் இருக்கு, ஆட்டோவுக்குச் சங்கம் இருக்கு. கோயில்ல ஆர்கன் வாசிக்கிறவனுக்கு எதுக்குல சங்கம்?"

போன மாசம் ஒரு அசனப் பந்தியில எனக்கு எதிர் வரிசையில உட்கார்ந்திருந்த அண்ணாச்சி கேட்டது இது. அவரும் பக்கத்து ஊர்க் கோயில்ல ஆர்கன் வாசிக்கிறவர்தான். நான் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். சுத்துவட்டாரத்துல அஞ்சாறு கோயில்ல வாசிக்கிறவங்க மாசத்துக்கு ஒரு தடவை ஒரு இடத்துல கூடினா என்ன? அதுக்கு அவர் இப்படிக் கேட்டதும் பந்தியே சிரிச்சுது. வாயில சோறு இருந்ததால நானும் சேர்ந்து சிரிச்சுட்டேன். பதில் எப்பவும் போல, திரும்பி வர்ற பஸ்லதான் தோணுச்சு. அந்தப் பதில்தான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

வெளியூர் நண்பர்களுக்காக முதல்ல ஒரு விளக்கம். சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கில் 1883-ல் வச்ச நிஜமான குழாய் ஆர்கன் இருக்கு. எங்க பக்கத்துக் கோயில்கள்ல அந்த வசதியெல்லாம் கிடையாது. காலால மிதிச்சுக் காத்து அடிக்கிற பெடல் ஆர்கன் இருந்துச்சு, இப்ப பெரும்பாலும் கீபோர்டு. ஆனா எதை வாசிச்சாலும் பேரு 'ஆர்கனிஸ்ட்'தான். ஞாயித்துக்கிழமை பாமாலைக்கும் கீர்த்தனைக்கும் வாசிக்கணும், கல்யாணத்துக்கு வாசிக்கணும், அடக்க ஆராதனைக்கு வாசிக்கணும். மாசம் ஏதோ ஒரு தொகை தருவாங்க, சில கோயில்ல வருஷத்துக்கு ஒரு வேட்டி சட்டை. இதைத்தான் நான் ப்ளஸ் டூவிலிருந்து செஞ்சுட்டு வர்றேன்.

என் கட்சி இதுதான். வேற எந்த இசைக்காரரை விடவும் ஆர்கனிஸ்ட்டுக்குத்தான் பக்கத்து ஊர் ஆர்கனிஸ்ட் தேவை. சங்கம்னு பேர் வைக்கிறீங்களோ, கூட்டம்னு சொல்றீங்களோ, டீ குடிக்கப் போறோம்னு சொல்றீங்களோ, அது உங்க இஷ்டம். ஆனா கூடாம இருக்கிறது முட்டாள்தனம். மூணு காரணம் சொல்றேன்.

முதல் காரணம், நேரம். ஒரு நாதஸ்வர வித்வான் தனக்குக் கச்சேரி இல்லாத நாள்ல இன்னொருத்தர் வாசிக்கிறதைப் போய்க் கேட்கலாம். ஆர்கனிஸ்ட்டால முடியாது. ஞாயித்துக்கிழமை காலை எட்டரை மணிக்கு இந்த ஜில்லாவுல இருக்கிற எல்லா ஆர்கனிஸ்ட்டும் அவங்கவங்க ஸ்டூல்ல உட்கார்ந்திருக்காங்க. அதனால எந்த ஆர்கனிஸ்ட்டும் இன்னொரு ஆர்கனிஸ்ட் ஆராதனைக்கு வாசிச்சு கேட்கிறதே இல்ல. சின்ன வயசுல பெஞ்சுல உட்கார்ந்து கேட்டதோட சரி. அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்க தன் கையைத் தவிர வேற கை கேட்காத ஒரே வாத்தியக்காரன் நம்மாளுதான்.

ரெண்டாவது, வாத்தியம். தவில்காரர் தன் தவிலைத் தோள்ல மாட்டிட்டுப் போவார். ஆர்கன் எங்கேயும் வராது. அது கட்டிடத்தோட சேர்ந்தது. அந்தக் கோயில் ஆர்கன் எப்படிக் கத்துதோ அதுதான் உங்களுக்குத் தெரிஞ்ச ஆர்கன். பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இன்னொண்ணு வேற மாதிரி இருக்கும்ங்கிறதே நிறையப் பேருக்குத் தெரியாது. போய்த் தொட்டுப் பார்த்தாதான் தெரியும். தொட்டுப் பார்க்க அங்க ஒரு ஆளைத் தெரிஞ்சிருக்கணும்.

மூணாவதுதான் முக்கியம், காது. இதுல கணக்கு இருக்கு, காமர்ஸ் பையன் சொல்றதுனு தள்ளிடாதீங்க. சத்தம் ஒரு செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கோயில்ல முன்பக்கத்துல இருந்து கடைசி பெஞ்சு 34 மீட்டர்னு வச்சுக்குவோம். நான் கட்டையை அமுக்கின சத்தம் கடைசி பெஞ்சுக்குப் போக 0.1 செகண்டு. அங்க இருக்கிற பாட்டி அதைக் கேட்டுப் பாடின சத்தம் எனக்குத் திரும்பி வர இன்னொரு 0.1 செகண்டு. ஆக, பாட்டி சரியான நேரத்துலதான் பாடுறாங்க, ஆனா எனக்கு 0.2 செகண்டு தாமதமா கேட்குது. 'ஐயோ, ஜனங்க பின்னாடி வர்றாங்களே'னு நான் கொஞ்சம் மெதுவாக்குறேன். நான் மெதுவானதைக் கேட்டு அவங்க இன்னும் மெதுவாகுறாங்க. நாலாவது சரணத்துக்கு வரும்போது பாட்டு மாட்டு வண்டி வேகத்துல போகுது.

இந்தத் தப்பை எனக்கு யார் சொல்றது? பாடகர் குழு என் பக்கத்துலயே நிக்குது, அவங்களுக்கு அந்தத் தாமதம் தெரியாது. ஐயரவாளுக்குப் பிரசங்கம் பத்தின நினைப்பு. ஜனங்களுக்கு 'இன்னைக்குப் பாட்டு சவசவனு இருந்துச்சு'னு மட்டும் தெரியும், ஏன்னு தெரியாது. கடைசி பெஞ்சுல இன்னொரு ஆர்கனிஸ்ட் உட்கார்ந்து கேட்டாதான் சொல்ல முடியும். அவரோ அந்த நேரத்துல அவர் கோயில்ல மாட்டு வண்டி ஓட்டிட்டு இருக்கார்.

இது ஏதோ நான் இன்னைக்குக் கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. ஜெர்மனியில குரோனிங்கன்னு ஒரு ஊர்ல பிரபு ஒருத்தர் தன் கோட்டைக்குப் பெரிய ஆர்கன் ஒண்ணு செய்யச் சொன்னார். 1596-ல் அது தயாரானதும் அதைச் சோதிச்சுப் பார்க்க எத்தனை ஆர்கனிஸ்ட்டைக் கூப்பிட்டார் தெரியுமா? 53 பேர். ஒரு வாத்தியத்தை எடைபோட ஒரு காது பத்தாதுனு நானூறு வருஷத்துக்கு முன்னாடியே அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு.

பாக் கதை இன்னும் நல்லா இருக்கும். 1705-ல் பாக்குக்கு வயசு 20. ஆர்ன்ஸ்டாட்ங்கிற ஊர்ல கோயில் ஆர்கனிஸ்ட். வடக்கே லூபெக்ல பக்ஸ்டஹூடேனு ஒரு பெரியவர் வாசிக்கிறதைக் கேட்கணும்னு நாலு வாரம் லீவு சொல்லிட்டு, சுமார் 400 கிலோமீட்டர் நடந்தே போனார். போனவர் வந்து சேர ஏறக்குறைய நாலு மாசம் ஆச்சு. 1706 பிப்ரவரியில கோயில் நிர்வாகம் கூப்பிட்டு விசாரிச்சுது. இந்தப் பாதியை எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லாம விடுற பாதி ஒண்ணு இருக்கு. அந்த நாலு மாசமும் ஆர்ன்ஸ்டாட் கோயில்ல யார் வாசிச்சா? அவரோட ஒண்ணுவிட்ட அண்ணன் யோஹான் எர்ன்ஸ்ட் பாக். அந்தக் குடும்பத்துல நிறையப் பேர் இதே தொழில்தான். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு ஊர்ல எல்லாரும் கூடுவாங்கனு பாக்கோட முதல் வாழ்க்கை வரலாற்றை 1802-ல் எழுதின ஃபோர்க்கல் சொல்லியிருக்கார். அதாவது, அவங்களுக்குக் குடும்பமே சங்கம். பதிலுக்கு உட்கார ஆள் இருந்ததாலதான் பாக் லூபெக் போக முடிஞ்சுது. நம்மாளுக்கு நாலு மாசம் வேண்டாம், ஒரு ஞாயித்துக்கிழமை கிடைக்குமா?

இங்கதான் எங்க சார் கதையைச் சொல்லணும். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர். முப்பத்தோரு வருஷம் ஒரே கோயில்ல வாசிச்சார். 2011-ல் அவர் மகள் கல்யாணம் அதே கோயில்ல நடந்துச்சு. அப்பா மகள் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டு வரணும், அதுதான் வழக்கம். அன்னைக்கு அந்தக்காவைக் கூட்டிட்டு வந்தது அவங்க சித்தப்பா. அப்பா எங்கே? அப்பா ஆர்கன்ல உட்கார்ந்து மகள் உள்ளே நடந்து வர்றதுக்கு வாசிச்சிட்டு இருந்தார். ஜனங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால மகள் வந்ததையே அவர் பார்க்கல. அப்புறம் வீடியோவுல பார்த்துக்கிட்டாராம்.

ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கோயில். அங்க வாசிக்கிறவருக்கு அன்னைக்கு வேலை எதுவும் இல்ல. பல வருஷம் கழிச்சு நான் அவரைப் பார்த்துப் பேசினப்ப, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்து வாசிச்சிருப்பேனே தம்பி"ன்னார். சார்கிட்ட போய், ஏன் சார் கேட்கலைனு கேட்டேன். "அவனைக் கூப்பிட்டா நம்ம கோயில்ல ஆள் இல்லைனு ஆயிரும்லா"ன்னார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுத வச்சுது. இது பணப் பிரச்சனை இல்ல, திறமைப் பிரச்சனை இல்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு போன் நம்பர் இல்ல, அவ்வளவுதான். அந்த நம்பர் இல்லாததுக்குக் கொடுத்த விலை, ஒரு அப்பா தன் மகள் கையைப் பிடிச்சு நடக்கல.

மத்த ஊர்ல எப்படி? லண்டன்ல 1864-ல் ரிச்சர்ட் லிம்பஸ்னு ஒரு கோயில் ஆர்கனிஸ்ட் ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ். நம்ம தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் மறைஞ்ச அதே வருஷம். ரெண்டே வருஷத்துல, 1866-ல் பரீட்சை வச்சுட்டாங்க. எப்படிப் பரீட்சை? பார்த்த மாத்திரத்துல ஒரு பாட்டை வேற சுருதிக்கு மாத்தி வாசி, வெறும் மெட்டைக் கொடுத்தா அதுக்குக் கீழ மூணு குரல் போடு, இந்த மாதிரி. ஞாயித்துக்கிழமை நிஜமா தேவைப்படுற வேலைகள். நம்ம பக்கம் இதே வேலைக்கு டிரான்ஸ்போஸ் பட்டனைத் தட்டுறோம். தட்டலாம், தப்பில்ல, நானும் தட்டுறவன்தான். ஆனா கரண்ட் போய் பழைய பெடல் ஆர்கன்ல உட்கார்த்தி வச்சா முழிக்கிறோம் பாருங்க, அங்க தெரியும் சேதி.

அமெரிக்காவுல 1896-ல் நியூயார்க்கில் அமெரிக்கன் கில்ட் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ். இதோட உயிரே ஊர் ஊரா இருக்கிற கிளைகள்தான். பல கிளைகள் ஒரு பட்டியல் வச்சிருப்பாங்க, இன்ன ஞாயித்துக்கிழமை யார் பதிலுக்கு வாசிக்கக் கிடைப்பாங்கனு. காய்ச்சல் வந்தா அந்தப் பட்டியலை எடுத்து ஒரு போன், முடிஞ்சுது. ஒருத்தர் கோயிலுக்கு எல்லாரும் போய் அங்க இருக்கிற ஆர்கனை ஆளாளுக்கு வாசிச்சுப் பார்ப்பாங்க. சின்னப் பிள்ளைகளைப் பிடிக்க 'பெடல்ஸ், பைப்ஸ் அண்ட் பீட்சா'னு ஒரு நிகழ்ச்சி வச்சிருக்காங்க. பிள்ளைங்க வந்து ஆர்கனை அமுக்கிப் பார்க்கலாம், அப்புறம் பீட்சா. நம்ம ஊர்ல ஒரு பையன் ஆர்கன் பக்கம் போனா முதல்ல வர்ற சத்தம், "ஏல, தொடாத!"

இப்ப சங்கம் இல்லாததால ஒரு கோயில் எவ்வளவு இழக்கும்னு ஒரு வரவு செலவு சொல்றேன். எங்க கோயில் பெடல் ஆர்கன்ல நாலு கட்டை சத்தம் வராம போச்சு. கமிட்டி டவுன்ல இருந்து ஒரு கடைக்காரரைக் கூட்டிட்டு வந்துச்சு. அவர் மூடியைக் கூடத் திறக்காம "இது முடிஞ்சு போச்சு, புதுசா கீபோர்டு வாங்கிருங்க"ன்னார். கீபோர்டு விக்கிறவரும் அவரே! வாங்கினோம். தேக்கு மரத்துல செஞ்ச பெடல் ஆர்கன் பழைய சாமான் வாங்குறவருக்குப் போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஊர்ல ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். உள்ளே பித்தளை நாக்கு இருக்கும், அதுக்குக் கீழே ஒரு தூசி போய் அடைச்சாலே சத்தம் நின்னுரும், மெல்லிசா ஒரு காகிதத்தை விட்டு எடுத்தா பல நேரம் சரியாயிரும்னு. நாலு கட்டையும் தூசியாலதான் நின்னுச்சுனு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மூடியைத் திறந்து பார்க்காமலே வித்துட்டோம், அதுதான் வயிற்றெரிச்சல்.

பி.காம். படிக்கிறவங்களுக்கு இது பழகின கதை. 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை வச்சு இதைத்தான் எழுதினார், 2001-ல் நோபல் பரிசும் வாங்கினார். விக்கிறவனுக்குத் தெரிஞ்சது வாங்குறவனுக்குத் தெரியாட்டி சந்தை கெட்டுப் போகும். எங்க கமிட்டியில ஒரு டாக்டர், ரெண்டு வாத்தியார், ஒரு பேங்க் ஆபீசர். யாருக்கும் ஆர்கன் உள்ளே என்ன இருக்குனு தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆள் கடைக்காரர். அஞ்சு ஆர்கனிஸ்ட் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சு வச்சிருந்தா அதுல ஒருத்தராவது "முதல்ல மூடியைத் திறங்கப்பா"னு சொல்லியிருப்பார்.

சரி, எதிர்க்கட்சிக்கு வருவோம்.

"சங்கம் வச்சா கூட்டுக் கொள்ளை அடிப்பீங்க" என்பது முதல் வாதம். என் கிளாஸ்மேட் ஒருத்தன் சொன்னது. இதை லேசா தள்ள முடியாது. ஒரே தொழில்காரங்க கூடினா பேச்சு கடைசியில விலையை ஏத்துறதுலதான் வந்து நிக்கும்னு ஆடம் ஸ்மித் 1776-லேயே எச்சரிச்சுட்டார். அதுக்கு இந்த ஆர்கனிஸ்ட் கில்டே சாட்சியும் ஆயிருச்சு. 2017-ல் அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் அவங்க மேல நடவடிக்கை எடுத்துச்சு. ரெண்டு குற்றச்சாட்டு. ஒண்ணு, கல்யாண வீட்டார் கோயில்ல வழக்கமா வாசிக்கிறவரை விட்டுட்டு வேற ஆளைக் கூட்டிட்டு வந்தா, வாசிக்காதவருக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டிய மாதிரி விதி வச்சிருந்தது. ரெண்டு, யாருக்கு எவ்வளவு கூலினு அட்டவணை போட்டுக் கொடுத்தது. கில்டு சமரசத்துக்கு ஒத்துக்கிட்டு ரெண்டையும் கைவிட்டுது.

நான் கமிஷன் பக்கம்தான். அது சரியான நடவடிக்கை. நம்ம நாட்டுலயும் 2002 போட்டிச் சட்டத்தோட 3-ம் பிரிவு, சேர்ந்து விலை நிர்ணயிக்கிறதைத் தடுக்குது. நாமளும் யோக்கியம் இல்ல. வெளி ஆள் வந்து கல்யாணத்துக்கு வாசிச்சா 'எனக்கு என்ன?'னு கேட்கிற வழக்கம் நம்ம பக்கமும் உண்டு, எல்லாருக்கும் தெரியும். அது சங்கம் இல்லாமலே நடக்குது! ஆனா ஒண்ணு கவனிங்க. அந்த ரெண்டையும் வெட்டி எறிஞ்ச பிறகும் கில்டு சாகல. பதில் ஆள் பட்டியல், பரீட்சை, பிள்ளைகளுக்கு வகுப்பு, ஒருத்தர் ஆர்கனை இன்னொருத்தர் பார்க்கிறது எல்லாம் அப்படியே நடக்குது. அப்ப சங்கத்தோட உயிர் கூலி அட்டவணையில இல்லைனுதானே அர்த்தம்? தெரிஞ்சதைப் பகிர்ந்துக்கிறது வேற, விலையைக் கட்டுறது வேற. முதலாவதுக்குப் பயந்து ரெண்டாவதைக் காட்டாதீங்க.

"இது ஊழியம்ல தம்பி, ஊழியத்துக்குச் சங்கமா?" இது ரெண்டாவது. கேட்க நல்லா இருக்கு. ஆனா ஊழியமே முழுநேர வேலையா வச்சிருக்கிற குருவானவர்கள் கூடிப் பேசுறாங்களே, தியானக் கூடுகை வைக்கிறாங்களே, அது தப்பா? ஓய்வுநாள் பள்ளி வாத்தியார்களுக்குப் பயிற்சி உண்டு. என் துறையில பாருங்க, சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்களுக்கு 1949-லேயே சட்டம் போட்டு இன்ஸ்டிடியூட் வந்துருச்சு. ஊருக்கு ஊர் கிளை, ஸ்டடி சர்க்கிள். ஒருத்தருக்கு ஒருத்தர் போட்டியாளர்தான், ஆனாலும் புதுச் சட்டம் வந்தா ஒரே ஹால்ல உட்கார்ந்து படிக்கிறாங்க. கணக்குப் பார்க்கிறவனுக்கு இருக்கிற புத்தி பாட்டு வாசிக்கிறவனுக்கு இருக்கக் கூடாதா? அனுபவத்துல ஒண்ணு பார்த்துட்டேன். 'ஊழியம்'ங்கிற வார்த்தை ஆர்கனிஸ்ட் ஏதாவது கேட்கும்போதுதான் வெளியே வருது. மைக்செட்காரர் பில் கொடுக்கும்போது அந்த வார்த்தையைக் காணோம்.

"யூடியூப்ல எல்லாம் இருக்கே." இது என் வயசுப் பசங்க. இருக்கு. நானும் பார்க்கிறேன். லண்டன், பாரிஸ்ல வாசிக்கிறதை எல்லாம் வீட்டுல இருந்து கேட்கிறேன், அது பெரிய பாக்கியம்தான், பாக் மாதிரி 400 கிலோமீட்டர் நடக்க வேண்டாம். ஆனா அந்த வீடியோவுக்கு என் கோயில் எதிரொலி தெரியாது. நான் நாலாவது சரணத்துல மெதுவாகுறேன்னு அது சொல்லாது. எனக்குப் பெரிய வெள்ளி அன்னைக்குக் காய்ச்சல் வந்தா மூணு மணி நேர ஆராதனைக்கு வந்து உட்காராது.

நாலாவது வாதத்தை யாரும் வெளியில சொல்ல மாட்டாங்க. நான் சொல்லிடறேன். 'அவன் வேற சபை. அவன் வேற ஆளு. அவன்கிட்ட நான் போய் நிக்கணுமா?' இதுதாங்க நிஜக் காரணம், மத்ததெல்லாம் ஜரிகை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபைனு பிரிஞ்சு கிடந்தவங்க 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல ஒண்ணு சேர்ந்துதான் சி.எஸ்.ஐ. ஆச்சு. சபைகளே சேர்ந்து முக்கால் நூற்றாண்டு தாண்டிருச்சு. ஒரே பாமாலைப் புஸ்தகத்தை வச்சு, ஒரே மெட்டை, ஒரே ஞாயித்துக்கிழமை, ஒரே மணிக்கு வாசிக்கிற ரெண்டு பேர் இன்னும் முகம் பார்த்துப் பேசலைன்னா, நாம வாசிக்கிற பாட்டுக்கு என்ன அர்த்தம்?

சங்கம்னா எனக்கும் பயம் உண்டு. தலைவர், செயலாளர், பொருளாளர், லெட்டர்பேடு, ஃபிளக்ஸ், பொன்னாடை, அடுத்த வருஷம் எலக்‌ஷன், அதுக்கடுத்த வருஷம் ரெண்டு சங்கம். அது வேண்டவே வேண்டாம். நான் கேட்கிறது இவ்வளவுதான்:

மாசம் ரெண்டாவது சனிக்கிழமை சாயங்காலம், ஒவ்வொரு தடவை ஒவ்வொரு கோயில். வந்தவங்க ஆளுக்கு ஒரு பாமாலை, எல்லாச் சரணமும் வாசிக்கணும். ஒருத்தர் வாசிக்கும்போது மத்தவங்க கடைசி பெஞ்சுல உட்கார்ந்து பாடணும். முடிஞ்சதும் நல்லது ஒண்ணு, குறை ஒண்ணு சொல்லணும். அந்தக் கோயில்ல இருந்து ஒரு ஸ்கூல் பிள்ளையாவது ஸ்டூல்ல உட்கார்ந்து வாசிச்சுப் பார்க்கணும், யாரும் 'தொடாத'னு சொல்லக் கூடாது. எல்லார் போன் நம்பரும் எல்லார்கிட்டயும் இருக்கணும், யாருக்கு எந்த ஞாயிறு கஷ்டம்னு முன்கூட்டியே சொல்லிடணும். கல்யாணக் கூலி பத்தி மட்டும் பேச்சே கூடாது. பதவி கிடையாது, சந்தா கிடையாது. டீச் செலவு அந்தந்தக் கோயில்காரர் பார்த்துப்பார்.

பேசிட்டே இருந்தா ஆகாதுனு போன சனிக்கிழமை எங்க கோயில்லயே ஆரம்பிச்சுட்டோம். ஏழு பேருக்குச் சொன்னேன், வந்தது ரெண்டு பேர். என்னையும் எங்க சாரையும் சேர்த்தா நாலு. சார் இப்ப விரல் நடுக்கத்தால வாசிக்கிறதில்ல, நான்தான் வாசிக்கிறேன். ஆனா ஞாயித்துக்கிழமை பழக்கதோஷத்துல ஆர்கன் பக்கத்துலயேதான் வந்து உட்காருவார். விதினா விதி சார், பின்னாடி போங்கனு அனுப்பி வச்சேன்.

மூணு சரணம் வாசிச்சிருப்பேன். பின்னாடியிருந்து கையை ஆட்டி நிப்பாட்டினார். "ஏல, இங்க பேஸ் மட்டும்தான் கேக்கு. மெட்டே கேக்கல. கீபோர்டு வந்த நாள்ல இருந்து இப்படியேவா இருந்துச்சு?"

யாரும் பதில் சொல்லல. அவர் அந்தக் கீபோர்டுல எட்டு வருஷம் வாசிச்சவர். எட்டு வருஷமும் கடைசி நாலு பெஞ்சு மெட்டே கேட்காமதான் பாடியிருக்கு. வந்திருந்தவங்கள்ல ஒருத்தர் ஸ்பீக்கர் பெட்டியைச் சுவத்து மூலையில இருந்து ரெண்டடி முன்னாடி இழுத்தார், ஆம்ப்ல ஒரு திருகு திருகினார். "இப்ப வாசில." வாசிச்சேன். கடைசி பெஞ்சுல மூணு குரல்ல பாட ஆரம்பிச்சாங்க... மன்னிக்கணும், ரெண்டு குரல். சார் பாடல, கேட்டுட்டே நின்னார்.

அந்த ஸ்பீக்கரை இழுத்தவர் யார்னா, ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கோயில் ஆர்கனிஸ்ட். 2011-ல் யாரும் கூப்பிடாத அதே ஆள்.

எதுக்குல சங்கம்னு கேட்டீங்கள்ல அண்ணாச்சி? இதுக்குத்தான். அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை அவர் கோயில்ல. அதுக்கு அடுத்தது உங்க கோயில்லயே வச்சுக்கலாம்னு இருக்கோம். டீ மட்டும் சொல்லி வச்சிருங்க.